சில்வண்டு செத்த ஊர்

அத்தியாயம் 6

அஸ்வந்த் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. அரவேணு கடைவீதி லாட்ஜில் அவனுக்குக் கிடைத்த அறையின் பின் ஜன்னலைத் திறந்தால் சோலைக்காடு. காடென்றால் பனி இறங்கும், குளிரும், நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடலாம் என்று நினைத்துத்தான் கோயம்புத்தூர்க்காரன் அந்த அறையை அடம்பிடித்து வாங்கினான். சில்வண்டு கத்தும் என்று யாரும் அவனுக்குச் சொல்லி வைக்கவில்லை.

“மேடம், இந்தக் கேஸ் முடிஞ்சதும் சில்வண்டு மேல ஒரு கேஸ் போடணுங்க. காதுக்குள்ள வெல்டிங் வெச்சமாட்ட இருக்குது.”

ராஜப்ரியா டீயை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்தாள். “எந்நேரமும் காதுல ஒண்ணைச் செருகிட்டுத் திரியறியே, அதுல பாட்டைப் போட்டுட்டுத் தூங்கறதுக்கென்ன?”

“போட்டேனுங்க. பாட்டு தோத்துப்போச்சு.”

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ராஜப்ரியாவின் துப்பறியும் அலுவலகம். அஸ்வந்த் அவளுக்கு உதவியாளன். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் ஏற்கனவே யாரையாவது விரும்புகிறாளா என்று விசாரிப்பதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. இந்த மாதிரி வழக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் அவள் முகத்தில் சிரிப்பு போய்விடும். இன்று காலையிலிருந்து அதைக் காணவில்லை.

வழக்கு இதுதான். அரவேணுவிலிருந்து இறங்கும் பாதையில் பூமரத்தட்டு டீ ஃபேக்டரி. வாடிய கொழுந்தைப் பல் வைத்த ரோலர்களுக்கு நடுவே விட்டு நொறுக்கும் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசைக்கு ஒரு லைன் என்று பெயர். போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் லைனில் கொழுந்து அடைத்துக்கொண்டது. லைனை நிறுத்திவிட்டு, கந்தன் என்ற தொழிலாளி குனிந்து ரோலருக்குள் கையை விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். மறுகோடியில் ஸ்விட்ச் போர்டருகே நின்ற சசிரேகா ஸ்விட்சைப் போட்டாள். கந்தனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

லைனை ஓட்டுமுன் மணி அடிக்க வேண்டும். உள்ளே கை வைத்திருப்பவன் ‘இரு’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால்தான் ஸ்விட்ச். மணி அடித்தேன், காத்திருந்தேன், குரல் வரவில்லை என்கிறாள் சசிரேகா. மணியே அடிக்கவில்லை என்கிறார்கள் லைனில் நின்ற அத்தனை பேரும். போதாக்குறைக்கு, முந்தின நாள் அவளுக்கும் கந்தனுக்கும் சண்டை. “உனக்கு ஒரு நாளைக்குப் பாடம் கத்துத்தர்றேன்” என்று அவள் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தினகரன் ஃபேக்டரியை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு மணியை அடித்துப் பார்த்தார். நன்றாகவே அடித்தது. மணியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு மனுஷியிடம்தானே? இன்று சாயங்காலம் சசிரேகாவைக் கொலை முயற்சி என்று கைது செய்யப் போகிறார். வெலிங்டனில் ராணுவக் கேம்ப்பில் சிவிலியன் வேலை பார்க்கும் அவள் புருஷன் வினோத், பள்ளிக்கூடம் போகிற மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ராஜப்ரியாவின் மாடிப்படி ஏறி வந்தது அதனால்தான்.

“ஒண்ணு, சசிரேகா பொய் சொல்றா. இல்லாட்டி அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்றாங்க” என்றாள் ராஜப்ரியா.

“ஓட்டு எண்ணினா சசிரேகாவுக்கு டெபாசிட் போயிருமுங்க.”

“எந்திரி. அடிபட்டவரைப் பார்த்துட்டு வந்துரலாம்.”

*

குன்னூர் ஆஸ்பத்திரியில் கந்தன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் மனைவி பேச்சி ஆரஞ்சுச் சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மணி அடிக்கலீங்க” என்றார் கந்தன், கேட்பதற்கு முன்பே. “அடிச்சிருந்தா கையை எடுத்திருக்க மாட்டனா? யாராச்சும் வேணும்னு உள்ளயே வெச்சிருப்பாங்களா? எல்லாருமேதான் அடிக்கலைன்னு சொல்றாங்க.”

“முந்தின நாள் சண்டை எதுக்குங்க?”

“பின்னாடி நின்னு கூப்பிட்டாளாம். நான் திரும்பிப் பாக்கலையாம். திமிருன்னுட்டா.” அவர் குரல் உடைந்தது. “திரும்பிப் பாக்காததுக்கு ஒருத்தி கையை எடுப்பாளுங்களா? என்ற மக வயசு அவளுக்கு. டப்பால மிக்சர் கொண்டாந்தா எனக்குக் குடுக்காமத் தின்னதில்லை.”

கை போனதைவிட அதுதான் அவருக்கு வலித்தது என்று அஸ்வந்துக்குத் தோன்றியது. ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைக்கலாமா என்று அவன் யோசிக்கும்போதே வார்டு அதிர்ந்தது. உறுமி மேளம். பக்கத்துக் கட்டில்காரர் பதறி எழுந்து உட்கார்ந்தார். பேச்சி அவசரமாகத் தலையணைக்கடியிலிருந்து கந்தனின் போனை எடுத்து அமுக்கினாள்.

“ஏனுங்க, யாருக்காச்சும் சாமி வந்துரப்போகுதுங்க” என்றான் அஸ்வந்த்.

“ஃபேக்டரில எல்லாருமே இதைத்தான் வெச்சிருக்காங்க தம்பி. முந்தி புல்லாங்குழல் வெச்சிருந்தாரு. போனை எடுக்கவே மாட்டாரு” என்றாள் பேச்சி.

ராஜப்ரியா அந்தப் போனையே பார்த்தாள். கந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஊட்டுக்குப் போயிட்டாப் போதுங்க. இங்க ராத்திரியெல்லாம் லைட்டு எரியுது. எங்க தோட்டத்து வீட்டுல இருட்டுனா ஒரு சத்தம் இருக்காது. முந்தியாச்சும் சில்வண்டு கத்தும். தோட்டத்துல மருந்தடிச்சு மருந்தடிச்சு அதெல்லாம் செத்துப்போச்சு.”

அஸ்வந்த் வாயைத் திறந்தான். ராஜப்ரியாவின் செருப்பு அவன் கால் பெருவிரல்மேல் ஏறி நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டான். பேச்சி ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் அவன் நொண்டிக் காட்டினான். “மருந்து மயக்கத்துல என்னமோ பேசறாருங்க. செத்துப்போன சில்வண்டெல்லாம் ஆவியா வந்துதான் என்னை ராத்திரி தூங்கவிடலையாக்கும்?”

“அவரு மயக்கத்துல பேசலை, அஸ்வந்த்” என்றாள் அவள்.

*

பூமரத்தட்டு ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் அஸ்வந்துக்குச் சத்தம் காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்டது. இரண்டாம் லைன் நின்றிருந்தது. மற்றவை ஓடின. தூளை உலர்த்தும் ட்ரையரின் விசிறி ஒரு பக்கம் ஊதியது. பச்சைக் கொழுந்து நசுங்கும் வாசனை மட்டும் இல்லையென்றால் மனுஷன் அங்கே ஐந்து நிமிஷம் நிற்கமாட்டான். அதில்தான் இவர்கள் ஆயுசு முழுக்க நிற்கிறார்கள், காதில் ஒரு பஞ்சுகூட இல்லாமல்.

டீ மேக்கரை எல்லோரும் சில்வஸ்டர் சார் என்றார்கள். ஃபேக்டரிக்குள் தூள் தயாராவதெல்லாம் அவர் பொறுப்பு. பழுப்புக் கார்டிகன், சீராக வாரிய நரைத்த தலை, இதே ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து இதிலேயே பெரிய ஆளானவர். நல்ல மரியாதைக்காரர். பேசுகிறவர்களை நேருக்கு நேர் பார்த்துத்தான் பேசுவார். சசிரேகாவுக்கு எதிரான முதல் சாட்சி அவர்தான்.

“நான் அந்த லைன் பக்கத்துலதாங்க நின்னேன். மணி அடிக்கலை” என்றார் உரக்க. “நல்ல பொண்ணு மேடம். கொழுந்து பறிச்சுட்டு இருந்ததை நான்தான் ஃபேக்டரிக்கு எடுத்தேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. இப்படிப் பண்ணும்னு நினைக்கலை.”

மணி தூணில் இருந்தது. சோப்பு டப்பா அளவில் வெள்ளை பிளாஸ்டிக். அதையொட்டி ஒரு சிவப்பு பல்பு. ஸ்விட்ச் போர்டின்மேல் போலீஸ் சீல். ராஜப்ரியா மணியை விட்டுவிட்டு அதற்கு மேலே உத்தரத்தைப் பார்த்தாள். அங்கே ஓர் இரும்புக் கொக்கி வெறுமனே தொங்கியது. அதன் உள்வளைவு மட்டும் தேய்ந்து பளபளத்தது.

“இதுல என்னங்க தொங்கிச்சு?”

“பழைய மணி. தண்டவாளத் துண்டுங்க. சுத்தியலால ஒரு போடு போட்டா டணார்னு கேட்கும்.” சில்வஸ்டர் லேசாகச் சிரித்தார். “மேல புதுசா ரிசார்ட் வந்திருக்குல்ல? கெஸ்ட்டுங்க இயற்கைச் சத்தம் கேட்க வர்றாங்களாம். எங்க டணார் அவங்களுக்குத் தொந்தரவாம். முதலாளி மாத்தச் சொன்னாரு. நான்தான் இதை வரவழைச்சேன். போன மாசம்.”

“மாட்டினதும் டெஸ்ட் பண்ணீங்களா?”

“பண்ணாம? நானே நின்னு பார்த்தேன்.”

ராஜப்ரியா தலையாட்டினாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் உதட்டுக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தது அஸ்வந்துக்குத் தெரிந்தது. எதற்கென்றுதான் தெரியவில்லை.

வாசலுக்கு வந்ததும் அவன் குசுகுசுத்தான். “இந்தாளுதாங்க மேடம். மணியை மாத்தினது இவரு. பழி தன் தலையில விழாம இருக்க எல்லாரையும் ஒரே பாட்டைப் பாட வெச்சிருக்காரு. பாருங்க, நம்ம வாயையே பார்த்துப் பேசறாரு. நாம என்ன கேட்போம்னு பயம்.”

“எனக்கும் அவர் மேலதான் சந்தேகம்” என்றாள் ராஜப்ரியா. “ஆனா தண்டவாளம் எங்க போச்சுன்னு முதல்ல பார்க்கணும்.”

*

தண்டவாளம் அதிக தூரம் போயிருக்கவில்லை. ஃபேக்டரிக்கு நேர் மேலே, மேட்டில், ஹஷ் ஹில்ஸ் ரிசார்ட்டின் முன்தோட்டத்தில் பூச்செடி வளைவுக்கு நடுவே தொங்கியது. வார்னிஷ் அடித்து, பக்கத்தில் ஒரு மரச் சுத்தியலும் கட்டி, கீழே பலகை வைத்திருந்தார்கள்: ‘பழங்காலத் தேயிலை ஆலை மணி. அடித்து மகிழுங்கள்!’ இரைச்சல் என்று புகார் கொடுத்து இறக்க வைத்த சாமானையே கொண்டுவந்து மாட்டி அடித்து மகிழச் சொல்கிறார்கள். இவர்களை என்ன சொல்வது?

தோட்டத்துக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஃபேக்டரி வாசல் அப்படியே தெரிந்தது. சாப்பாட்டு நேரம். தொழிலாளர்கள் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அடி” என்றாள் ராஜப்ரியா.

“மகிழணுமுங்களா?”

“முதல்ல அடி.”

அஸ்வந்த் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டான். டணார்! சத்தம் சரிவில் இறங்கி ஓடியது. கீழே வாசலில், சோற்றில் கை வைத்திருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தன. ஒருவர் பழக்க தோஷத்தில் கையைக்கூடத் தூக்கிவிட்டார், ‘இரு’ என்பதுபோல.

“எத்தனை பேரு திரும்பினாங்க?”

“எல்லாருமேங்க.”

“இவ்வளவு தூரத்துல இருந்து இது கேட்குது. தலைக்கு மேல இருந்த மணி கேட்கலை.” அவள் கையை உயர்த்தி அவனை அமைதியாக்கினாள். “இப்ப என்ன கேட்குது உனக்கு?”

என்ன கேட்க? வெயில் ஏறியிருந்ததால் ரிசார்ட்டின் பின்னாலிருந்த சோலையில் சில்வண்டுகள் பகலிலேயே கத்த ஆரம்பித்திருந்தன. “பல்லு கூசுதுங்க மேடம். அதேதான்.”

“கந்தன் வீடு இந்தச் சோலைக்குப் பக்கத்துலதான் இருக்கு. அவருக்கு இது செத்துப்போச்சு.” ராஜப்ரியா சுவரில் சாய்ந்தாள். “இரைச்சல்லயே நின்னு நின்னு கெடுற காதுல முதல்ல போறது இந்தக் கீச்சுச் சத்தம்தான். பேச்சு கடைசியிலதான் போகும். அதனால தனக்குக் காது போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது. சில்வண்டு செத்துப்போச்சு, புல்லாங்குழல் அடிக்க மாட்டேங்குதுன்னுதான் தோணும். உறுமி வெச்சா எடுப்பாரு. பின்னாடி நின்னு ஒரு பொண்ணு மெல்லிசாக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு.”

“அப்ப அந்தத் திமிரு…”

“திமிரே இல்லை. புது மணியும் கீச்சு மணி. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சசிரேகாவுக்குக் கேட்கும். போலீசுக்குக் கேட்கும். அந்த லைன்ல காலம் தள்ளினவங்களுக்குக் கேட்காது.”

அஸ்வந்த் சுத்தியலைக் கயிற்றோடு தொங்கவிட்டான். அவன் அப்பா பீளமேட்டில் மில்லில் இருந்தவர். வீட்டில் கத்தித்தான் பேசுவார், டிவியை அலற விடுவார். கோபக்காரர் என்று வீடே அவரிடம் ஒதுங்கி வாழ்ந்தது. அவர் கோபக்காரரே இல்லையோ என்று இப்போது தோன்றியது.

“அத்தனை பேரும் செவிடாகிட்டாங்கன்னு டீ மேக்கருக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள் ராஜப்ரியா கடுமையாக. “தெரிஞ்சே கீச்சு மணியை மாட்டி, தெரிஞ்சே அந்தப் பொண்ணைக் காட்டிக் குடுக்கறாரு. இன்னிக்கு அவரை விடறதா இல்லை. உன்ற குரங்குக் குல்லாயை எடுத்துக்க.”

“குல்லாய் எதுக்குங்க?”

“மணி பக்கத்துல ஒரு பல்பு பார்த்தயில்ல? அதுக்குக் குளிருது.”

*

தினகரன் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. ‘டிராமா வேண்டாம் மேடம்’ என்றார். கடைசியில், இரண்டாம் லைனுக்கு ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, சீலை உடைத்து, சசிரேகாவைப் பெண் போலீஸோடு ஸ்விட்ச் போர்டுக்கு வரவழைத்தார். சசிரேகா அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றாள். அன்று நின்ற அதே ஆட்கள் அன்று நின்ற அதே இடங்களில் குனிந்து வேலை பார்த்தார்கள். மற்ற லைன்கள் ஓடின. தூணில் சிவப்பு பல்பின்மேல் அஸ்வந்தின் குரங்குக் குல்லாய் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

“நான் கர்ச்சீப்பால முகம் துடைச்சா நீ மணியை அமுக்கும்மா. எடுன்னு சொல்ற வரைக்கும் கையை எடுக்காத” என்று ராஜப்ரியா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

சில்வஸ்டர் தூணடியில், மணிக்கு நேர் கீழே நின்றார். தினகரனும் ராஜப்ரியாவும் அவருக்கு எதிரே.

“சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள் ராஜப்ரியா உரக்க. “இந்த இரைச்சல்ல இவ்வளவு சின்ன மணி கேட்குமா?”

கர்ச்சீப் அவள் நெற்றிக்குப் போனது. சசிரேகாவின் விரல் மணிப் பொத்தானை அமுக்கியது.

கீஈஈ என்று மணி அலறியது. அஸ்வந்த் திடுக்கிட்டான். தினகரன் சட்டென்று தலையைத் தூக்கினார். பெண் போலீஸ் காதைப் பொத்திக்கொண்டாள். லைனில் குனிந்திருந்த முதுகுகளில் ஒன்றுகூட அசையவில்லை. கூட்டிக்கொண்டிருந்தவர் கூட்டினார். கொழுந்தை அள்ளியவர் அள்ளினார்.

ராஜப்ரியா எதிர்பார்த்தது இதைத்தான். அடுத்து வந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க?” என்று சிரித்தார் சில்வஸ்டர். தலைக்கு ஒரு முழம் மேலே மணி கதறிக்கொண்டிருந்தது. அவர் ஓர் இமையைக்கூட அசைக்காமல், நிதானமாக, மரியாதையாக, ராஜப்ரியாவின் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த மணியை அடிச்சா செவிடனுக்கும் கேட்குமுங்க.”

தினகரனின் முகம் வெளுத்தது. அவர் மணியைப் பார்த்தார், சில்வஸ்டரைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். அஸ்வந்த் போய்க் குல்லாயை எடுத்தான். அடியில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சில்வஸ்டர் பல்பைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. பிறகு மெதுவாகத் திரும்பி, லைனின் மறுகோடியில் பொத்தானில் விரல் வைத்தபடி நின்ற சசிரேகாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பாத முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் அவள் காத்திருந்தாள். யாரும் குரல் கொடுக்காததால் யாரும் உள்ளே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“எடும்மா” என்றாள் ராஜப்ரியா. சசிரேகா விரலை எடுத்தாள். பெண் போலீஸின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

*

டீ மேக்கரின் அறையில் சில்வஸ்டர் உட்கார மறுத்தார். ராஜப்ரியாவின் கடுமை எங்கேயோ போயிருந்தது. அவருக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டு பேசினாள்.

“மத்தியானம் நீங்க ‘நின்னு பார்த்தேன்’னு சொன்னீங்க. மணியைக் கேட்டேன்னு சொல்லலை. சாதாரணமாச் சொல்ற வார்த்தைதான். ஆனா நீங்க நிஜமாவே பார்த்திருக்கீங்க.”

“பல்பைத்தான் பார்த்தேன்” என்றார் அவர். “மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அமுக்கிட்டு, கேக்குதுங்களா சார்னு கேட்டான். பல்பு எரிஞ்சுது. எல்லாரும் என் மூஞ்சியவே பார்த்தாங்க. நான் தலையாட்டினேன். நான் ஆட்டினதும் அவங்களும் ஆட்டினாங்க.” அவர் கார்டிகனின் பொத்தானைத் திருகினார். “எனக்கு மட்டும்தான் கேட்கலைன்னு நினைச்சேன் மேடம். சத்தியமா. ஒவ்வொருத்தனும் அப்படித்தான் நினைச்சிருக்கான். காது போச்சுன்னு தெரிஞ்சா ஃபேக்டரியை விட்டு அனுப்பிருவாங்களே. ஊட்டுல உட்கார வெச்சிருவாங்களே.”

“விபத்தன்னிக்கு?”

“எனக்குக் கேட்கலை. பல்பையும் பார்க்கலை. ஆனா மத்தவங்க எல்லாரும் அடிக்கலைன்னாங்க. அவங்களுக்குத்தான் காது கேட்குமேன்னு நம்பினேன். அவங்க, சாருக்குக் கேட்குமேன்னு என்னை நம்பினாங்க.”

அஸ்வந்த் சுவரோரம் நின்றான். காலையிலிருந்து ஒரு பொய்யனைத் தேடி அவர்கள் அலைந்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை என்று தெரிந்தே பொய் சொன்னவர் ஒருவருமில்லை. காதைப் பற்றி எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்தில் ஒருவர் கை போயிற்று, இன்னொருத்தி ஜெயிலுக்குப் போகவிருந்தாள். இதில் யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் இருந்தது.

வாசலில் தொழிலாளர்கள் கூடி நின்றார்கள். சசிரேகாவைக் கூட்டிப்போக வினோத் வந்திருந்தான். இனி ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று தினகரன் சொல்லியும் அவள் நகரவில்லை. “ஸ்விட்சைப் போட்டது நான்தானுங்களே” என்றாள்.

ஆறுக்குட்டி என்ற முதிய தொழிலாளி ராஜப்ரியாவின் முன்னால் வந்து நின்றார். “அந்தப் புள்ளையக் காப்பாத்திட்டீங்க, சந்தோசமுங்க. எங்களைச் செவிடனுங்கன்னு ஊருக்கே காட்டிட்டீங்களே. நாளைக்கு எங்களை உள்ள விடுவாங்களா?”

ராஜப்ரியாவுக்கு அது கஷ்டமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. “உங்க காதுல குத்தமில்லைங்க. காது போற மாதிரி வேலை வாங்கினதும், ஊமை மணியை மாட்டினதும்தான் குத்தம். அப்படித்தான் எழுதச் சொல்லி தினகரன் சார்கிட்ட நின்னிருக்கேன். தண்டவாளம் இன்னிக்கே கீழ வருது.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “உள்ள விடலைன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. மறுபடி வர்றேன்.”

ஆறுக்குட்டி தலையாட்டினார். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வஸ்டர் கார்டிகனை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கடைசியாக வெளியே வந்தார். “குன்னூர் போற பஸ் இருக்கு. கந்தன்கிட்ட நானே சொல்லணும். அவ மணி அடிச்சிருக்கா, நமக்குத்தான் கேட்கலைன்னு. அதை அவன் வேற யாரு வாயிலயும் கேட்கக்கூடாது.”

பொழுது இறங்கியிருந்தது. சோலைப் பக்கமிருந்து அது ஆரம்பித்தது, முதலில் ஒன்று, பிறகு காடு முழுக்க. கேட்டைத் தாண்டப்போன சில்வஸ்டர் நின்றார். அஸ்வந்த் சட்டென்று அண்ணாந்து சோலையைப் பார்த்ததை அவர் கவனித்திருந்தார்.

“தம்பி, தப்பா நினைக்காத. ஒண்ணு கேட்கட்டுமா?” என்றார். “சில்வண்டு மருந்துல செத்துப்போச்சுன்னு யாரோ சொன்னாங்க. நாங்களும் ஆமான்னுட்டோம். இப்ப… கத்துதா அது?”

சட்டைப்பைக்குப் போன அஸ்வந்தின் கை இயர்போனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அவன் சில்வஸ்டருக்கு நேர் எதிரே போய், தன் வாய் நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தில் நின்றான்.

“கத்துதுங்க சார்” என்றான் மெதுவாக. “எல்லாம் உசுரோடதான் இருக்குது.”